இரண்டாவது கயிறு

கரீபியக் கடலில் உள்ள காரியாகூ தீவின் கரையில் எனோஸும் தம்பி லின்டனும் சேர்ந்துதான் அந்தப் பாய்மரப் படகுக்கு அடிமரம் வைத்தார்கள். பாதி வேலையில், குடித்துவிட்டு வந்த லின்டன் ஒரு நல்ல பலகையைத் தப்பாக அறுத்துவிட்டான்.

"இனிமே என் படகுல கால வைக்காத" என்றார் எனோஸ்.

லின்டன் வேறொருவர் படகில் மீன் பிடிக்கப் போனான். அந்தப் படகு திரும்பி வரவில்லை.

மீதி வேலையை எனோஸ் தனியாகவே முடித்தார். படகைக் கடலில் இறக்கிய மறுநாள் காலை, பாயேற்றிப் பார்க்கப் புறப்பட்டார்.

"பாயேத்த ரெண்டு பேரு வேணுமே. என் அண்ணன கூட்டிட்டுப் போயேன்" என்றாள் மனைவி வெர்னா.

"வேண்டாம். தம்பி நின்ன இடத்துல இன்னொருத்தன நிறுத்த மாட்டேன்."

பாயின் மேல்கழியை இரு முனையிலும் கயிறு கட்டி, ஒரே சமயத்தில் இழுக்க வேண்டும். எனோஸ் ஒரு கயிற்றை இழுத்தார். மறுமுனையும் கூடவே உயர்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"மெதுவாடா" என்று மட்டும் சொன்னார். கழி மெதுவாக ஏறியது.

நண்பகலில் படகு கரையோரம் வந்தபோது வெர்னா கத்தினாள்: "பாய இறக்கிட்டு வா, சாப்பாடு ஆறுது!"

பாயை இறக்கிவிட்டால் அந்த இன்னொரு கயிற்றுக்கும் வேலை முடிந்துவிடும். எனோஸ் தன் கயிற்றை அவிழ்க்கவில்லை.

"ஒரு பலகைதானேடா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

இரண்டாவது கயிறு எதிலும் கட்டப்படாமலே விறைப்பாக நின்றது. அதன் நுனியிலிருந்து கடல்நீர் சொட்டிக்கொண்டிருந்தது.