தாளாளர் போட்டுவிட்ட ஷூ

தாளாளர் மண்டியிட்டார்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மூன்று கல்லூரிகளுக்குச் சொந்தக்காரர், ஒரு பழைய லாரி டிரைவரின் காலடியில்.

"ஐயோ, நீங்க போயி... எந்திரிங்க சாமி."

டிரைவர் நாற்காலியில் நெளிந்தார். தாளாளர் எழவில்லை. இன்னும் படம் எடுத்தாகவில்லை.

பின்னால் திரையில் ஒரு பாதம் ஆளுயரத்துக்கு நின்றது. இடது பாதம். டிரைவருடையது.

முதல் படத்தில் குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புண். அடுத்ததில் புண் இருந்த சுவடே இல்லை. நடுவில் ஓர் அம்புக்குறி. அதன்மேல் கல்லூரியின் பெயர், தாளாளரின் பெயர், கடைசியில் பொடி எழுத்தில் மருந்தின் பெயர். வெள்ளியைத் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகப் பொடித்துப் பஞ்சில் ஏற்றிய மருந்து.

பொய்யில்லை. புண் ஆறத்தான் செய்தது. ஆறிய கையோடு படம் எடுத்து, ஆய்வையும் முடித்துக்கொண்டார்கள்.

பிறகு உள்ளுக்குள்ளேயே சீழ் வைத்தது. பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

ஆய்வு முடிந்த பிறகு நடந்தது ஆய்வில் சேராதாம்.

அதனால்தான், வேட்டி வேண்டாம், பேண்டும் காலுறையும் போட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார் ஆய்வை நடத்திய பேராசிரியர் தண்டபாணி.

மிச்சமிருந்தது வலது கால். அதிலும் உணர்ச்சியைச் சர்க்கரை தின்றுவிட்டிருந்தது. ஆணி ஏறினாலும் தெரியாது. இதில் ஒரு கீறல் விழுந்தால் இதுவும் போய்விடும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னதிலிருந்து, விடிந்ததும் டிரைவரின் மனைவி வேலாத்தாள் அந்தப் பாதத்தை மடியில் வைத்து, அடியில் கண்ணாடி பிடித்துப் பார்ப்பாள்.

பார்த்த பிறகுதான் அடுப்பு.

மேடையேறும் முன் அவர் பேராசிரியரிடம் மெல்லக் கேட்டிருந்தார். அந்தப் பஞ்சில் ரெண்டு பொட்டலம் வீட்டில் இருக்கட்டுமே என்று.

"புண்ணில்லாத காலுக்கு எப்படீங்க ஐயா குடுக்கறது? வந்தா ஒரு போன் போடுங்க. அடுத்த ஆய்வுல மொத ஆளு நீங்கதான்."

இப்போது தாளாளரின் கையில் நினைவுப் பரிசு. பளபளவென்று ஒரு ஜோடி தோல் ஷூ.

தாளாளர் இடது காலைத் தூக்கினார். காலுறைக்குள் இருந்த ரப்பர் பாதம் விறைத்துக்கொண்டு நுழைய மறுத்தது.

"வலதுங்க சார்... வலது." பேராசிரியர் காதில் ஓதினார்.

கீழே மூன்றாம் வரிசையில் வேலாத்தாள் எழுந்துவிட்டாள்.

"உக்காருங்கம்மா, மறைக்குது!"

வலது நுழைந்தது. குதிகாலில் முட்டி நின்றது. தாளாளர் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"கடிக்குதுங்களா?"

"இல்லீங்க. ஒண்ணுமே தெரியலீங்க."

அரங்கம் மறுபடியும் கைதட்டியது. மருந்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டது.

இடதைப் பேராசிரியர் திரைமறைவில் எப்படியோ திணித்தார். பிறகு நடந்து காட்டச் சொன்னார்கள். நடந்தார். கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு முறை. தாளாளர் தோளில் கை போட்டுக்கொண்டு இன்னொரு முறை.

திரும்பும்போது கல்லூரிக் கார்.

ஏறியதும் வேலாத்தாள் அவர் வலது காலை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஷூவைக் கழற்றினாள். காலுறை கழலவில்லை. குதிகாலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவரே மண்டி போட்டாரு, பாத்தியா?" அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் காலுறையை மெல்ல உரித்தாள்; விரல்நுனி சிவந்தது.

அவர் திரும்பினார். காலுறையைப் பார்த்தார். அவள் விரல்களைப் பார்த்தார்.

சட்டைப் பையைத் தடவினார்.

"அந்தப் புரொபசர் சாரு நம்பரு என்ற போன்லயா இருக்குது, உன்றதுலயா?"