கப்பலுக்குள் ஒரு சத்தம்

மூன்றாம் பூச்சு வார்னிஷும் காய்ந்து, தான் செய்த குட்டிப் பாய்மரக் கப்பலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத் தூக்கியபோதுதான் லெயோனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கப்பலின் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. இந்தப் பக்கம் சாய்த்தால் டிண், அந்தப் பக்கம் சாய்த்தால் டிண். எரிச்சல் தலைக்கேறியது. ஆணியே அடிக்காமல் பசையால் மட்டும் ஒட்டிய கப்பலுக்குள் எந்தச் சனியன் வந்து உட்கார்ந்தது? எடுப்பதென்றால் மேல்தளத்தைப் பெயர்க்க வேண்டும். பாய், நூல்கயிறு, இத்தனை நாள் பொறுமை எல்லாம் பாழ். கப்பலைக் கவிழ்த்து, அடியில் தாங்குகம்பிக்காகப் போட்ட சின்னத் துளை வழியே டார்ச் அடித்தார். சிவப்புக் கல் மினுங்கியது.

மேல்தளத்தை மூடுவதற்கு முன்பு, பக்கப் பலகைகளில் பசை பிடிக்கும்வரை குனிந்து அழுத்திக்கொண்டிருந்தவள் அவர் மனைவி மெற்றில்டா. அன்று மாலைதான் அவளுடைய சிவப்புக்கல் தோட்டில் ஒன்றைக் காணோமென்று வீடு ரெண்டுபட்டது. மருமகள் ஷைனி அழுதுகொண்டே தாய்வீட்டுக்குப் போனாள்.

அடுப்படியில் மெற்றில்டா மகனிடம் போனில் கத்திக்கொண்டிருந்தாள். "அவ எடுக்கலன்னா தோட்டுக்கு றெக்கையா மொளச்சுது? எடுத்தேன்னு ஒத்துக்கிட்டு வரச் சொல்லு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

லெயோன் உளியை எடுத்தார். வார்னிஷ் மின்னும் மேல்தளத்தைப் பார்த்தார். உளியை வைத்துவிட்டு, பசை பாட்டிலின் மூக்கைத் துளைக்குள் சொருகி, காலியாகும்வரை பிழிந்தார்.

காய்ந்தபிறகு இந்தப் பக்கம் சாய்த்தார். அந்தப் பக்கம் சாய்த்தார். சத்தமில்லை.