ரிஹாப் வீட்டுப் பங்கு

இழுக்கிற இழுப்பில் கயிறு மப்ரூக்காவின் உள்ளங்கையை அறுக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்காக மொட்டைமாடியில் வளர்க்கும் செம்மறிக் கிடா, பள்ளித் தோட்டத்துச் சரளையில் குளம்பை ஊன்றி முரண்டு பிடிக்கிறது. புதிதாக வெட்டிய உரக்குழியைச் சுற்றிப் பிள்ளைகள் ஆளுக்கொரு பை காய்கறித் தோலோடு நிற்கிறார்கள். அவள் மகள் ரிஹாப் மட்டும் வெறுங்கையோடு, ஸ்ஃபாக்ஸ் நகரத்து மே மாத வெயிலில், இன்றும் தனியாக நிறுத்தப்பட்டிருக்கிறாள். காது இரண்டும் சிவந்திருக்கின்றன. "உங்க வீட்டுல யாரும் சாப்பிடறதே இல்லையா?" என்று, தோல் கொண்டுவராத அவளை நேற்று தலைமையாசிரியர் லஸாத் கேட்டதும் வகுப்பே சிரித்ததாம்.

"ஏம்மா, ஆட்டை எங்க ஓட்டிட்டு வர்றீங்க?" லஸாத் ஓடிவந்து கத்துகிறார்.

"தோல் கேட்டீங்களே, லஸாத் சார்! எங்க வீட்டுத் தோலெல்லாம் இது வயித்துலதான் இருக்கு. நாங்க தின்னுட்டுத்தான் இதுக்குப் போடறோம். வேணும்னா தடவிப் பாருங்க!"

கிடா குழிக்குள் தலையை விட்டு ஆரஞ்சுத் தோலை மெல்லத் தொடங்குகிறது. இன்று ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. மென்றபடியே அது வாலைத் தூக்கி, பின்னால் நிற்கும் அவருடைய பளபளக்கும் கறுப்பு ஷூவின்மேல் சடசடவென்று புழுக்கைகளைக் கொட்டுகிறது.

"எங்க பங்கு வந்துடுச்சு" என்கிறாள் மப்ரூக்கா. "அள்ளிக் குழியில போடுங்க."