அறுபத்து நாலு கிழவர்கள்

"பன்னிரண்டே நிமிஷம்! எல்லாரும் பாத்துக்கோங்க!"

மாப்பிள்ளை தன் லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். முதலாளி கை தட்டினார். முதலாளி தட்டிய பிறகு சும்மா இருக்க முடியுமா? மீட்டிங் அறையில் இருந்த ஆறு இன்ஜினியர்களும் தட்டினார்கள்.

தட்டாதவள் ஒருத்திதான். பதினான்கு வருடமாகக் குளிரூட்டிய சர்வர் அறையிலேயே குடித்தனம் நடத்துகிறவள், கொளுத்தும் வெயிலிலும் ஸ்வெட்டரோடு திரிகிறவள். ஆபீஸில் அவளுக்குப் பெயரே ஸ்வெட்டரக்கா.

கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் கம்பெனி அது. இருபது மாடிக் கட்டடம் புயல் காற்றில் எவ்வளவு ஆடும் என்ற கணக்கை, ஆபீஸ் முழுவதற்கும் பொதுவான பெரிய கம்ப்யூட்டரான சர்வரிலும் லேப்டாப்பிலும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்ப்பது என்று பந்தயம். முதலாளி மகளைக் கட்டி மூன்றே மாதத்தில் ஆலோசகராகி வந்து உட்கார்ந்த மாப்பிள்ளையின் ஏற்பாடு. சர்வர் தோற்றால் அந்த அறை அவருக்குக் கேபின். அறை போனால் ஸ்வெட்டரக்காவின் வேலையும் போச்சு. நாற்பத்தாறு வயதில் இன்னொரு வேலை யார் கொடுப்பார்கள்?

சர்வர் கணக்கை முடிக்கப் பதினெட்டு நிமிடம் ஆனது.

"இதே கணக்கு நேத்து ஒம்போது நிமிஷத்துல முடிஞ்சுது சார்," என்றாள் முதலாளியிடம். "இன்னிக்குப் போட்டிக்காக எல்லாரையும் சர்வரை விட்டு வெளிய வரச் சொல்லிட்டேன். இன்னும் சீக்கிரமா முடிஞ்சிருக்கணும். இன்னொரு தடவை ரெண்டையும் ஓட்டிப் பாக்கலாம்."

"எத்தனை தடவைதான் தோக்கணும் உனக்கு?" என்றார் முதலாளி.

"எங்கயோ இடிக்குது தம்பி," என்று மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

"தம்பியா? சார்னு கூப்பிடுங்க மேடம்." மாப்பிள்ளை காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். "உங்க சர்வர் பிராசசருக்குள்ள கணக்குப் போடுற கோர் அறுபத்து நாலு. இருந்துட்டுப் போகட்டும். அத்தனையும் தடியூணி நடக்குற கிழவங்க. இதுல இருபத்து நாலுதான், ஆனா ஒவ்வொண்ணும் ரெண்டு மடங்கு வேகம். ஓட்டப் பந்தயத்துல வந்து கிழவங்களை எண்ணிக்கிட்டு இருக்கீங்க."

இன்ஜினியர்கள் சிரித்தார்கள். நேற்றுவரை அவள் தயவில் வேலை பார்த்தவர்கள்தான்.

"அந்தக் கிழவங்கதான் நாள் பூரா நாப்பது பேரோட வேலையைச் சுமக்குறாங்க," என்று அவள் சீறினாள். "உங்க லேப்டாப் அஞ்சு நிமிஷம் பாயும். அப்புறம் சூடு தாங்காம தானே வேகத்தைக் குறைச்சுக்கும். எவ்வளவு ஒசத்தி லேப்டாப்பா இருந்தாலும் அப்படித்தான்."

"சூடா? மாமா, நீங்களே தொட்டுப் பாருங்க."

முதலாளி அடியில் கை கொடுத்துப் பார்த்தார். "ஜில்லுன்னு இருக்கு! ஃபேன் சத்தம்கூட இல்ல. யாருகிட்டம்மா கதை விடுற?"

பதினான்கு வருடத்தில் ஒருவருடைய ஃபைலும் அவள் கையில் தொலைந்ததில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் ஆத்திரம்தான் வந்தது.

முதலாளிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "மாப்பிள்ளை, அதுல மட்டும் இன்னொரு வாட்டி ஓட்டுங்க. சர்வரை எடுக்கக் கூடாதுன்னு குதிச்சாரே நம்ம பங்குதாரர், அவருக்கு வீடியோ அனுப்பணும். வயிறெரிஞ்சு சாகட்டும்."

லேப்டாப் திரை சுவரில் பெரிதாக விழுந்தது. பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று கணக்கு ஏறியது. முதலாளி செல்போனில் படம் பிடித்தபடியே சொன்னார்:

"ஏம்மா, நீ போய் அந்தச் சர்வரை ஆஃப் பண்ணு. அதையும் வீடியோ எடுத்துடறேன்."

மாப்பிள்ளையின் முகம் கனிந்துவிட்டது. "இப்பவே எதுக்கு மாமா? அக்கா பாவம், எத்தனை வருஷம் பாத்துக்கிட்டாங்க. திங்கக்கிழமை பண்ணிக்கலாமே."

மேடம் அக்காவானதைக் கேட்டு இன்ஜினியர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"உங்களுக்கு இளகின மனசு மாப்பிள்ளை. எனக்கு அதெல்லாம் கிடையாது. இப்பவே நிறுத்தணும்."

"இல்ல மாமா, நான் என்ன சொல்றேன்னா..."

"நீங்க சும்மா இருங்க."

"உங்க இரக்கம் எனக்குத் தேவையில்ல," என்று மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராகவே சொன்னாள் ஸ்வெட்டரக்கா. "எழுதிக் குடுங்க சார், நிறுத்தறேன்."

முதலாளி ஒரு தாளில் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டு மேஜையில் வீசினார். அவள் அதை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். சர்வர் அறை பக்கத்திலேயே இருந்தது, நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர் மட்டும். உள்ளே போனவள் அங்கிருந்த திரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"அழறா போல," என்றார் முதலாளி. கண்ணாடியைத் தட்டினார். "அழுததெல்லாம் போதும், நிறுத்து!"

அவள் அழவில்லை. திரும்பி மாப்பிள்ளையை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சர்வரை நிறுத்தினாள்.

சுவரில் நாற்பத்தொரு சதவீதத்தில் கணக்கு அப்படியே நின்றது. அதன்மேல் சிவப்புக் கட்டம் ஒன்று வந்து உட்கார்ந்தது: 'சர்வருடன் தொடர்பு அறுந்துவிட்டது.'

முதலாளி செல்போனைக் கீழே இறக்கினார். "என்ன மாப்பிள்ளை, உங்களுது எதுக்கு நின்னுச்சு?"

மாப்பிள்ளை அவசரமாக லேப்டாப்பை மூடினார். வாசலில் வந்து நின்ற ஸ்வெட்டரக்காதான் சொன்னாள்:

"நான் ஒரு மெஷினைத்தான் சார் நிறுத்தினேன்."