மழைக்காரன்

“இவனை முடக்கிடலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லும்மா.”

மேலாளர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதும் அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பாதிக் கனவில் இருந்தாள், பாவம். வயிறு நிறையச் சாப்பாடு, ஏசிக் குளிர், ஜன்னலில் மழை. இதெல்லாம் சேர்ந்தால் யாருக்குத்தான் கண் சொக்காது?

எதிரே இருந்த பெரிய திரையில் நீலப் புள்ளிகள் மிதந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு புள்ளியும் இந்தக் கம்பெனி வழியாக, பேங்க் இல்லாமலே யாரோ யாருக்கோ இணையத்தில் அனுப்பும் கிரிப்டோ காயின். அதில் தீவிரவாதிக்குப் போகிற காசு எது என்று மோப்பம் பிடிப்பதுதான் அவள் வேலை. அனுப்புகிறவர் பெயர் மட்டும் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் வேண்டியவர், வேண்டாதவர் என்று மனசு சாய்ந்துவிடுமாம். அதனால் பெயர்களெல்லாம் மேல்மாடி அதிகாரிகளுக்கு மட்டும்தான்.

பெயர் இல்லாவிட்டால் என்ன? அவளே வைத்துக்கொண்டாள். இப்போது மேலாளர் விரல் நீட்டிய புள்ளிக்கு அவள் வைத்திருந்த பெயர், மழைக்காரன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டால் போதும், திரையின் ஓரத்திலிருந்து அவன் கிளம்பிவிடுவான். சின்னத் தொகைதான். மெல்ல மிதந்து, கடல் தாண்டி, சண்டை நடக்கும் ஒரு ஊரில் போய் ஒதுங்குவான். வெயில் நாளில் தலைகாட்டவே மாட்டான். அவன் போவதைப் பார்த்தால் அவளுக்கு என்னவோ காகிதக் கப்பல் விட்ட சந்தோஷம். இத்தனை நாளும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இன்று வாய் சும்மா இருக்கவில்லை.

“சின்னத் தொகைதானே சார்? அதுவும் மழை பெஞ்சா மட்டும்தான் அனுப்புவான்...”

மேலாளரின் கண் அகன்றது. “மழை பெஞ்சா மட்டுமா? சங்கேதம்மா அது! அங்க இருக்கிறவனுக்கு ஏதோ சிக்னல் குடுக்கிறான்!”

பக்கத்து நாற்காலிக்காரர் விடுவாரா? அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே ‘எதிர்க்கட்சி’.

“அந்த ஊர்ல பேங்கெல்லாம் இடிஞ்சு கிடக்கு சார். சாப்பாட்டுக்கே காயின்லதான் காசு போகுது.”

“குண்டுக்கும் அதுலதான்யா போகுது!”

“காயின் வர்றதுக்கு முன்னாடி குண்டு வைக்கிறவன் எதுல வாங்கினான்? ரொக்கத்துலதானே? ரொக்கத்தை யாரும் தடை பண்ணலையே!”

மேலாளர் குரல் இறங்கிவிட்டது. “முன்னாடி ஒரு புள்ளியை, சின்னத் தொகைதானேன்னு நான் விட்டேன்யா. குண்டு வெடிச்சு ஒரு சந்தையே சிதறிப் போச்சு. இன்னும் எனக்குச் சரியாத் தூக்கம் இல்ல. நீயே சொல்லு, நல்லவன் எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு அனுப்பணும்?”

எதிர்க்கட்சி தன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். நீலப்புள்ளி நடுக்கடலில் சிவந்து, அப்படியே நின்றது. வாங்குகிற கணக்கும் கூடவே முடங்கியது. இனி விசாரணை முடிகிற வரை, யார் அனுப்பினாலும் அங்கே போய்ச் சேராது. அது எத்தனை மாதமோ!

சாயங்காலம் மழை விடவில்லை. வழக்கம்போல அப்பா டாக்ஸியோடு வாசலில் நின்றார். பின்சீட்டில் அந்த மஞ்சள் குடை. எப்போதோ விமான நிலையத்துக்குச் சவாரி வந்த டாக்டரம்மா ஒருவர் மறந்துவிட்டுப் போனது. திரும்பி வந்து கேட்பார்கள் என்று அப்பா அதை யாரையும் தொட விடமாட்டார்.

“என்ன பாப்பா, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“இன்னைக்கு ஒரு தீவிரவாதியோட ஆளைப் பிடிச்சேம்ப்பா.”

“அடேங்கப்பா! எம் பொண்ணா கொக்கா!”

வண்டி நனைந்த தெருவில் மிதக்கிற மாதிரி போனது. விளக்கெல்லாம் தண்ணீரில் கரைந்து ஓடின. அவளுக்கு மறுபடி கண் சொக்கியது.

“விசித்திரமான ஆளுப்பா. மழை பெய்யற நாள்ல மட்டும்தான் காசு அனுப்புவான். ஏன்னுதான் புரியல.”

அப்பா வண்டியை ஓரங்கட்டினார். கண்ணாடி துடைப்பான் மட்டும் போய்ப் போய் வந்தது.

“மழை பெஞ்சாத்தானே பாப்பா, டாக்ஸிக்குச் சவாரி ஜாஸ்தி” என்றார்.

அவளுக்கு உடனே உறைக்கவில்லை. பிறகு மெல்லத் திரும்பி அந்தக் குடையைப் பார்த்தாள். தூக்கம் பறந்துவிட்டது.

“அப்பா... அந்த டாக்டரம்மா எந்த ஊருக்குப் போனாங்க?”

அப்பா ஊரைச் சொன்னார். அதே ஊர்.

“கூடாரம் போட்டு ஆஸ்பத்திரி நடத்துறாங்க பாப்பா. பேங்க் வழியா மருந்துக்குக் காசு போகாதாம். மழை நாள்ல வர்றது நமக்கு உபரிதானேன்னு...”

“என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?”

“சொன்னா, அப்பா காசாச்சேன்னு நீ கண்டும் காணாம விடணும். அது உன் வேலைக்குத் துரோகம் இல்லையா?”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “நான்தாம்ப்பா முடக்கினேன். அவங்க கணக்கும் சேர்ந்து முடங்கிடுச்சு.”

 அப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

“காயின் அனுப்ப ஊர்ல எத்தனையோ கம்பெனி இருக்கு பாப்பா. உன் கம்பெனியைத்தான் தேடிப் பிடிச்சேன். நீ காவல் இருக்கிற வழியில போனா, பத்திரமாப் போய்ச் சேரும்னு.”