கமிஷன் காட்டும் பேட்ஜ்

மியூச்சுவல் ஃபண்டு விற்கும் வைரவன் எதைப் புகழ்ந்தாலும், அதில் அவருக்குக் கிடைக்கப்போகும் கமிஷன் தொகை, சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜில் எரியும். முகவர்கள் எல்லோருக்கும் அதுதான் சட்டம். வாடிக்கையாளர்கள் அவர் முகத்தைப் பார்த்தே வெகுநாளாயிற்று.

அன்று பேட்ஜைக் கழற்ற மறந்து மகளோடு சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து பாத்துட்டு வந்தீகளே, மாப்பிள்ளை எப்படி அப்பச்சி?" என்றாள் மீனாள்.

"தங்கமான பையன் ஆத்தா. கண்ணை மூடிக்கிட்டு சரின்னு சொல்லு."

பேட்ஜ் எரிந்தது: நான்கு லட்சம்.

கல்யாணம் முடிந்தால் குடும்பப் பணம் முழுவதையும் வைரவன் மூலமாகவே ஃபண்டில் போடுவதாகப் பையனின் அப்பா சொல்லியிருந்தார். அதற்காக இல்லை என்றுதான் வைரவன் இதுவரை நம்பியிருந்தார்.

"அதைக் கழட்டி வச்சுட்டு இன்னொரு தடவை சொல்லுங்க அப்பச்சி."

கழற்றி வைத்தார். சொல்லத்தான் வாய் வரவில்லை.