கழுதையின் கம்மல்

ஆன்லைனில் நிறம் மாறும் கல் இரண்டு வாங்கியது கழுதை. வெயிலில் பச்சை, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சிவப்பு என்று போட்டிருந்தார்கள். மான் வீட்டுக் கல்யாணத்துக்குக் கம்மல் செய்து போட்டுக்கொள்ள ஆசை.

பார்சலைப் பிரித்தபோது உச்சி வெயில். பக்கத்து வீட்டு ஆடு எட்டிப் பார்த்தது.

"ஏண்டி, புல்லு நிறமால்ல இருக்கு! நல்லா ஏமாந்தே. பசிச்சா மேய்ஞ்சுக்கோ. இந்தக் காதுக்குக் கம்மல் ஒரு கேடா?"

தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தது. கழுதை வீட்டில் இருந்ததோ டியூப் லைட். அதிலும் கல் பச்சையாகவே நின்றது. திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் கம்மல் செய்து, நீளக் காது இரண்டிலும் மாட்டிக்கொண்டு மாலையில் கல்யாணத்துக்குக் கிளம்பியது.

மண்டபத்தில் வரிசையாக மஞ்சள் பல்புகள். கழுதை உள்ளே கால் வைத்ததும் கல் இரண்டும் மாதுளை முத்தாகச் சிவந்தன. மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தார்.

கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிவந்தது ஆடு.

"எங்கே வாங்கினீங்க அக்கா? எனக்கும் ஒரு ஜோடி வரவழைச்சுத் தாங்கக்கா!"

கழுதை காது இரண்டையும் நன்றாக ஆட்டிவிட்டுச் சொன்னது:

"கல்லு மட்டும்தான் நிறம் மாறும்னு போட்டிருந்தாங்க."